நெருப்புக் குச்சியின் கதை

சரவணையில் எங்கள் ஆச்சி வீட்டு அடுப்படியில் நெருப்புப் பெட்டிக்கென்று ஓர் இடம் இருந்தது. கூரை வளையில் செருகி வைத்த சிறியதொரு பனையோலைக் குட்டான் அது. மாரியில் ஈரம் ஏறாமலும், எந்தக் காலத்திலும் பிள்ளைகளின் கை எட்டாமலும் பெட்டி அங்கே பத்திரமாய் இருந்தது. ஆயினும் ஆச்சி அதை எடுத்து ஒரு குச்சியை உரசியதை நாங்கள் கண்டது மிக அருமை. முதல் நாள் இரவில் சாம்பலுக்குள் புதைத்த தணல் அதிகாலையில் கிளறியதும் கண் விழிக்கும். ஊமல் கரியும் பொச்சுத் தும்பும் சேர்ந்து அதை அடுப்பு நெருப்பாக்கிவிடும். எப்போதாவது தணல் அணைந்து போயிருந்தால், எங்களில் ஒருவர் சிரட்டையோடு வேலிப் பொட்டுக்குள் புகுந்து அயல் வீட்டுக்கு ஓட வேண்டும். “பெரியம்மா, ஆச்சி கொஞ்ச நெருப்பு வாங்கி வரட்டாம்.” அவ்வளவுதான். இரண்டு தணலை ஊதி ஊதி, விரல் சுடாமல் கொண்டுவந்து சேர்ப்பது எங்களுக்கு விளையாட்டு. கடைத்தெருவிலும் இதே சிக்கனந்தான். கடை வாசலில் தொங்கும் தும்புக் கயிற்றின் நுனியில் நாள் முழுவதும் நெருப்பு கனன்றுகொண்டிருக்கும். சுருட்டுப் பற்றவைக்க வருகிறவர்கள் அந்தக் கயிற்றைத்தான் தேடுவார்கள்.

ஒரு குச்சியை வீணாக்கிவிட்டால் ஆச்சியின் முகம் மாறிவிடும். அது உலோபித்தனம் என்றுதான் சிறுவயதில் எண்ணினோம். இப்போது நினைத்துப் பார்க்கையில் வேறொன்று புரிகிறது. ஓலை, மட்டை, தும்பு, சிரட்டை என்று நெருப்புக்கு வேண்டிய எல்லாம் அவருடைய வளவிலேயே கிடைத்தன. அந்த ஒரு பெட்டி மட்டுமே கடல் கடந்து, பல கைகள் மாறி வந்தது. அடுப்படிக்குள் நுழைந்த முதல் ஆலைப் பொருள் அதுவே எனலாம்.

பிற்காலத்தில் நான் ஆசிரியனான பிறகு, ஒரு நாள் வகுப்பில், “நெருப்புக் குச்சியைக் கண்டுபிடித்தவர் யார்?” என்று கேட்டேன். பொது அறிவு நூலை மனனம் செய்திருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் வோக்கர், 1827ஆம் ஆண்டு” என்றான். விடை சரி, பாராட்டி அமர்த்தினேன். ஆனால் அந்த விடை அன்று முழுவதும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு பெயர், ஓர் ஆண்டு, அவ்வளவோடு ஒரு பொருளின் சரித்திரம் முடிந்துவிடுமா? ஆச்சியின் குட்டானில் இருந்த பெட்டிக்கும் அந்த ஆங்கிலேயருக்கும் நடுவே இருந்தவர்கள் யார் யார்? இக்கட்டுரை அந்த உறுத்தலின் விளைவு.

நெருப்பு உண்டாக்கும் வித்தை மிகப் பழையது. சங்கத் தமிழர் தீக்கடைகோலை ‘ஞெலிகோல்’ என்று அழைத்தார்கள். கட்டையில் கட்டையை வைத்துக் கடைந்து தீ எழுப்பும் கருவி அது. பின்னர் சக்கிமுக்கிக் கல்லும் இரும்பும் வந்தன. இவற்றுக்கெல்லாம் பொறுமை வேண்டும். காய்ந்த பஞ்சு வேண்டும். காற்றும் மழையும் ஒத்துழைக்க வேண்டும். ஆகவேதான் நெருப்பை உண்டாக்குவதைக் காட்டிலும் அணையாமல் காப்பதே ஊர்தோறும் வழக்கமாயிற்று.

இந்நிலையை மாற்றிய பொருள், 1669ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில், பேராசையின் தற்செயலான குழந்தையாகப் பிறந்தது. ஹென்னிக் பிராண்ட் என்ற இரசவாதி தங்கம் செய்யும் கல்லைத் தேடி அலைந்தவர். மனித சிறுநீரின் மஞ்சள் நிறத்தில் தங்கம் ஒளிந்திருக்கக்கூடும் என்று நம்பி, பீப்பாய் பீப்பாயாக அதைச் சேர்த்து, வற்றக் காய்ச்சி, எஞ்சியதைக் கடும் சூட்டில் வைத்தார். தங்கம் கிடைக்கவில்லை. இருளில் ஒளிரும் மெழுகு போன்ற ஒரு பொருள் கிடைத்தது. அதுவே பொஸ்பரஸ். 1680ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் ரொபேட் பொயில் அதைத் தாமும் செய்து, பொஸ்பரஸ் தடவிய தாளில் கந்தகம் தோய்த்த குச்சியை இழுத்துத் தீ மூட்டிக் காட்டினார். ஆனால் அக்காலத்தில் பொஸ்பரஸின் விலை கனவான்களின் விளையாட்டுக்கே கட்டுபடியானது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்து, சுவீடனில் எலும்பிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் வழி தெரிந்த பிறகே அது ஆலைச் சரக்காயிற்று.

1805ஆம் ஆண்டில் பாரிஸில் சான்செல் என்பவர், பொட்டாசியம் குளோரேற்றும் சர்க்கரையும் பூசிய குச்சியைக் கந்தக அமிலத்தில் தோய்த்துப் பற்றவைத்தார். சட்டைப்பையில் அமிலக் குப்பியோடு நடமாட எத்தனை பேர் துணிவார்கள்? அதன் பின்னரே நம் மாணவன் சொன்ன ஜோன் வோக்கர் வருகிறார். வட இங்கிலாந்தின் ஸ்டொக்டன் நகரில் மருந்துக்கடை வைத்திருந்தவர். 1826ஆம் ஆண்டில் அன்ரிமனி சல்பைட்டையும் பொட்டாசியம் குளோரேற்றையும் பசையோடு கலந்து குச்சி நுனியில் பூசி, உப்புத்தாளுக்கு நடுவே இழுத்தால் தீப்பற்றும் என்று கண்டார். 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அவருடைய கடைக் கணக்குப் புத்தகத்தில் முதல் விற்பனை பதிவாகியிருக்கிறது. இந்த மனிதரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லத்தான் வேண்டும். அவர் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறவில்லை. லண்டனில் சாமுவேல் ஜோன்ஸ் என்பவர் அதையே ‘லூசிபர்’ என்ற பெயரில் விற்றுப் பணம் பண்ணினார். வோக்கர் 1859ஆம் ஆண்டில் இறந்தார். முதல்வர் அவரே என்று உலகம் ஒப்புக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

வோக்கரின் குச்சி கரகரவென்று பொறி சிதறியது. சில வேளை பற்றவே மறுத்தது. இங்கேதான் வெண்பொஸ்பரஸ் நுழைகிறது. பிரான்சில் சார்ல்ஸ் சோரியா என்ற மாணவர் 1831ஆம் ஆண்டில் அதைக் குச்சி மருந்தில் சேர்த்தார். ஹங்கேரியில் யானோஸ் இரின்யி என்ற மாணவர் 1836ஆம் ஆண்டில், ஓசையும் வெடிப்பும் இன்றி அமைதியாய்ப் பற்றும் குச்சியைச் செய்து, வியன்னாவில் ஒரு முதலாளிக்கு 60 போரிண்டுக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் செல்வரானார். இரின்யியோ 1848ஆம் ஆண்டுப் புரட்சியில் விடுதலைப் படைக்கு வெடிமருந்து செய்யும் பொறுப்பை ஏற்று, புரட்சி தோற்றபின் சிறை சென்றார். பொது அறிவு நூல்களில் இத்தகையவர்களுக்கு ஒரு வரிகூட இல்லாதது வருந்தத்தக்கது.

வெண்பொஸ்பரஸ் குச்சி சுவரில் உரசினாலும் பற்றும், செருப்பின் அடியில் உரசினாலும் பற்றும். விலையோ மலிவு. சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பா முழுவதும் நெருப்புக் குச்சி ஆலைகள் முளைத்தன. அவற்றில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுவர் சிறுமியருமே. சிறு விரல்கள் வேகமாய் வேலை செய்யும், சிறு வயிற்றுக்குச் சிறு கூலி போதும் என்பது முதலாளிகளின் கணக்கு. மருந்தைக் கலக்கும் கூடத்திலும், குச்சியைத் தோய்த்துக் காயவைக்கும் கூடத்திலும் பொஸ்பரஸ் ஆவி நிறைந்திருக்கும். உணவையும் அங்கேயே உண்ண வேண்டும்.

1845ஆம் ஆண்டில் வியன்னாவின் மருத்துவர் லொரின்சர், இந்த ஆலைத் தொழிலாளரிடையே ஒரு புதிய நோயைக் கண்டு எழுதினார். முதலில் சாதாரணப் பல்வலியாகத் தொடங்கும். பிறகு முரசு வீங்கும், சீழ் வடியும், தாடை எலும்பு உயிரோடு அழுகும். அருகிருந்தோர் தாங்கமுடியாத நாற்றம் வீசும். எலும்பை வெட்டியெடுப்பதைத் தவிர வேறு மருத்துவம் இல்லை. வெட்டினாலும் பலர் பிழைக்கவில்லை. அதே 1845ஆம் ஆண்டில்தான் டென்மார்க்கின் எழுத்தாளர் அண்டர்சன், பனி இரவில் நெருப்புக் குச்சி விற்கும் சிறுமியின் கதையை வெளியிட்டார். எங்கள் பிள்ளைகளும் அதைப் படித்துக் கண்ணீர் விடுகிறார்கள். அச்சிறுமி குளிரில் விறைத்து இறந்தாள். அவள் கையிலிருந்த குச்சிகளைச் செய்த சிறுமிகள் எப்படி இறந்தார்கள் என்பதை வகுப்பில் நாம் சொல்வதில்லை.

கார்ல் மார்க்ஸ் சொல்லியிருக்கிறார். ‘மூலதனம்’ முதற் பாகத்தில், வேலைநாளைப் பற்றிய அத்தியாயத்தில், இந்தத் தொழிலுக்கென்று சில பத்திகளை அவர் ஒதுக்கினார். 1863ஆம் ஆண்டில் அரசாங்க ஆணையாளர் ஒருவர் இங்கிலாந்தின் நெருப்புக் குச்சி ஆலைகளில் சாட்சியம் எடுத்தபோது, விசாரிக்கப்பட்டோரில் 270 பேர் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். ஐந்து பேருக்கு ஆறே வயது. கற்பனையால் எழுதிய எண்ணிக்கை அன்று. அரசாங்க அறிக்கையிலிருந்து அவர் எடுத்துக்காட்டியது.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தச் சரித்திரத்தில் என்னை அதிகம் திகைக்க வைத்த பகுதி. இந்த நஞ்சுக்கு மாற்று அக்காலத்திலேயே தெரிந்திருந்தது!

வெண்பொஸ்பரஸைக் காற்றுப் புகாமல் சூடாக்கினால் அது சிவப்பு நிறமுள்ள வேறொரு வடிவமாக மாறுகிறது என்பதை வியன்னாவின் அன்டன் ஷ்ரோட்டர் 1840களில் நிறுவினார். செம்பொஸ்பரஸ் தானே பற்றாது, ஆவியாய் மூக்கில் ஏறாது, தாடையை அரிக்காது. 1844ஆம் ஆண்டில் சுவீடனின் இரசாயன அறிஞர் குஸ்தாவ் எரிக் பாஷ் அபூர்வமான ஒரு யோசனையோடு காப்புரிமை பெற்றார். மருந்து முழுவதையும் குச்சி நுனியில் வைப்பானேன்? பொஸ்பரஸைப் பெட்டியின் பக்கத்தில் பூசிவிட்டு, மீதியைக் குச்சியில் வைத்தால் என்ன? இரண்டும் சந்தித்தாலன்றித் தீ பிறக்காது.

இன்றும் நம் கையிலுள்ள பெட்டி இயங்குவது இந்த யோசனையால்தான். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேற்றும், கந்தகமும், பசையும், கண்ணாடித் தூளும் இருக்கின்றன. பெட்டியின் பழுப்புப் பக்கத்தில் செம்பொஸ்பரஸும் கண்ணாடித் தூளும் இருக்கின்றன. உரசும்போது பிறக்கும் வெப்பத்தில் கடுகளவிலும் குறைந்த செம்பொஸ்பரஸ் ஒரு கணம் வெண்பொஸ்பரஸாக மாறி எரிகிறது. அந்தப் பொறி குளோரேற்றிலிருந்து ஒட்சிசனைப் பெற்றுக் கந்தகத்தைப் பற்றவைக்கிறது. கந்தகம் மரத்தைப் பற்றவைக்கிறது. ஆயிரக்கணக்கானோரின் தாடையைத் தின்ற நஞ்சு, ஒரு கண்சிமிட்டும் நேரம் மட்டும், நம் விரல்களுக்கு அப்பால் தோன்றி மறைகிறது. மாணவர்களுக்கு இதை விளக்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சி உண்டாகிறது.

பாஷ் செல்வராகவில்லை. செம்பொஸ்பரஸின் விலை அதிகமாயிருந்ததால் அவருடைய முயற்சி நின்றுபோயிற்று. 1851ஆம் ஆண்டில் ஆதர் ஒல்பிரைற் என்ற ஆங்கிலேயர் அதை ஆலை முறையில் செய்யும் வழியைக் கண்டார். சுவீடனின் யொன்ஷோப்பிங் நகரில் ஆலை நடத்திய லுண்ட்ஸ்ரோம் சகோதரர்கள் அதைப் பயன்படுத்திக் காப்புக் குச்சியைத் திருத்தி, 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் பரிசு பெற்றார்கள். அதே ஆண்டில், இங்கிலாந்தில் அதைச் செய்யும் உரிமையை பிரையன்ட் அன்ட் மே என்ற கம்பெனி வாங்கிக்கொண்டது.

வாங்கிய பின் என்ன செய்தது? காப்புக் குச்சியையும் செய்தது. அதனுடன் வெண்பொஸ்பரஸ் குச்சியையும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகச் செய்துகொண்டே இருந்தது! நஞ்சுக் குச்சி மலிவு. எங்கும் உரசலாம் என்பதால் வாங்குவோரும் அதையே விரும்பினர். மாற்று தெரியாததால் அல்ல, மாற்றின் உரிமைப் பத்திரத்தையே கையில் வைத்துக்கொண்டுதான் இந்த உற்பத்தி நடந்தது. விஞ்ஞானம் தன் கடமையை முடித்துவிட்டது. எஞ்சிய வேலையைச் செய்ய ஆய்வுகூடத்துக்கு வெளியே இருந்து மனிதர்கள் வர வேண்டியிருந்தது.

அவர்கள் 1888ஆம் ஆண்டு ஜூலை மாதம் கிழக்கு லண்டனின் போ பகுதியிலிருந்து வந்தார்கள். அங்கிருந்த ஆலையின் பெண்கள், கோடையில் காலை ஆறரை மணி முதல் மாலை ஆறு மணி வரை நின்றபடி வேலை செய்தார்கள். பதினாறு வயதுப் பெண்ணொருத்திக்கு வாரக் கூலி நான்கு சிலிங். அதிலும் அபராதம். கால் அழுக்காயிருந்தால் மூன்று பென்ஸ்; மேசையில் எரிந்த குச்சி கிடந்தால் ஒரு சிலிங். பங்குதாரருக்கோ நூற்றுக்கு இருபதுக்கு மேல் இலாபம். பெட்டி ஒட்டும் வேலை ஆலைக்குள்கூட நடக்கவில்லை. குடிசை அறைகளில் தாயும் பிள்ளைகளும் இரவு பகலாய் ஒட்டினார்கள். 144 பெட்டிக்கு இரண்டு மூன்று பென்ஸ். பசையும் அவர்கள் செலவு.

இந்தக் கொடுமைகளை அவ்வாண்டு ஜூன் 23ஆம் நாள் தம் பத்திரிகையில் வெளியிட்டவர் வேறு யாருமல்லர், பிற்காலத்தில் சென்னை அடையாற்றைத் தம் இல்லமாக்கி, 1917ஆம் ஆண்டில் இந்திய தேசிய காங்கிரஸின் தலைவியாக விளங்கிய அன்னி பெசன்ட் அம்மையார்தான். அப்போது அவர் சோஷலிசவாதி. அவர் எழுதியவற்றுள் ஒரு செய்தி மறக்க முடியாதது. பிரதமராயிருந்த கிளாட்ஸ்டனுக்குச் சிலை எழுப்ப, ஆலை முதலாளி தொழிலாளர் ஒவ்வொருவர் கூலியிலும் ஒரு சிலிங் பிடித்துக்கொண்டாராம். திறப்பு விழாவுக்குச் சென்ற பெண்கள் சிலர் தம் கையைக் கீறி, சிலையின் மேல் இரத்தம் சொட்ட விட்டார்களாம். “நாங்கள்தானே விலை கொடுத்தோம்” என்பது அதன் பொருளாய் இருந்திருக்கும்.

கட்டுரை பொய் என்று கையொப்பமிடுமாறு கம்பெனி தொழிலாளரை வற்புறுத்தியது. அவர்கள் மறுத்தார்கள். ஒருத்தி வேலைநீக்கம் செய்யப்பட்டாள். உடனே ஏறத்தாழ 1,400 பெண்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். இந்த வேலைநிறுத்தத்தை அன்னி பெசன்ட் நடத்தினார் என்றே நெடுங்காலம் எழுதி வந்தார்கள். பிற்கால ஆராய்ச்சி அதைத் திருத்திவிட்டது. ஆலைப் பெண்கள் தாமே முடிவு செய்து வெளியேறிய பிறகுதான் அம்மையாரிடம் வந்தார்கள். அவர்களின் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர் சாரா சப்மன். பின்னர் தொழிற்சங்க மாநாட்டுக்குப் பிரதிநிதியாகச் சென்ற அவர், 1945ஆம் ஆண்டில் இறந்தபோது ஏழைகளின் பொதுக் குழியில், பெயர்க் கல் இன்றிப் புதைக்கப்பட்டார். இரண்டு வாரங்களுக்குள் கம்பெனி இறங்கி வந்தது. அபராதங்கள் ஒழிந்தன, உணவு உண்ணத் தனியிடம் தருவதாக ஒப்புக்கொள்ளப்பட்டது, பெண் தொழிலாளரின் சங்கம் பிறந்தது.

வெற்றியை மிகைப்படுத்துவது நமக்கு அழகன்று. வெண்பொஸ்பரஸ் அதனால் உடனே ஒழியவில்லை. 1898ஆம் ஆண்டில், தாடை நோய் கண்ட 17 பேரைப் பற்றி அரசுக்கு அறிவியாமல் மறைத்தமைக்காக அதே கம்பெனி நீதிமன்றம் சென்றது. தண்டம் இருபத்தைந்து பவுன் அளவே! ஆனால் அதன்பின் மூடிவைக்க முடியவில்லை. 1901ஆம் ஆண்டில் கம்பெனி வெண்பொஸ்பரஸைக் கைவிட்டது. பின்லாந்து 1872ஆம் ஆண்டிலேயும் டென்மார்க் 1874ஆம் ஆண்டிலேயும் தடை செய்திருந்தன. பிரான்சில் அரசாங்கமே ஆலை முதலாளியாயிருந்தும் தொழிலாளர் போராடியே மாற்றம் பெற்றனர். 1906ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் நாடுகள் கூடித் தடை ஒப்பந்தம் செய்தன. பிரித்தானியா அன்று கையொப்பமிடவில்லை. 1908ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, 1910ஆம் ஆண்டின் முடிவில்தான் தடையை நடைமுறைப்படுத்தியது. இந்தியாவுக்கான தடைச் சட்டம் 1913ஆம் ஆண்டில் வந்தது. பாஷ் காப்புரிமை பெற்ற 1844ஆம் ஆண்டிலிருந்து பேர்ண் ஒப்பந்தம் வரை 62 ஆண்டுகள். அந்த 62 ஆண்டுகளில் அழுகிய தாடைகளை எந்தப் பொது அறிவு நூலும் கணக்கிடவில்லை.

இனிக் கடல் கடந்து நம் பக்கம் வருவோம். முதல் உலகப் போருக்குப் பின் சுவீடனின் இவார் குரூகர் கடனில் மூழ்கிய அரசாங்கங்களுக்குக் கடன் கொடுத்து, பதிலாக அந்நாடுகளின் நெருப்புக் குச்சி ஏகபோகத்தைப் பெற்று, உலகச் சந்தையின் பெரும்பகுதியை வளைத்துக்கொண்டார். 1932ஆம் ஆண்டில் பாரிஸில் அவர் தம்மைச் சுட்டுக்கொண்டு இறந்ததும், அவர் கட்டிய கோட்டையில் பாதி பொய்க் கணக்கு என்பது வெளிப்பட்டது. அவருடைய சுவீடிஷ் கம்பெனியே 1923ஆம் ஆண்டில் பம்பாய்ப் பக்கம் விம்கோ என்ற பெயரில் ஆலை அமைத்தது. ஏறக்குறைய அதே வேளையில், மழை பொய்த்த கரிசல் பூமியான சிவகாசியிலிருந்து ஐய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். 1923ஆம் ஆண்டில் சிவகாசியில் தொழில் தொடங்கியது. அந்நிய ஏகபோகத்துக்கு எதிரே, கைமுறைத் தொழிலை நம்பி, வறண்ட காற்றையும் வெயிலையும் மூலதனமாக்கிக்கொண்டு அவர்கள் எழுப்பிய தொழில் நிச்சயமாக ஒரு சாதனைதான். அதைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை.

ஆனால் அங்கும் அதே சிறு விரல்கள். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிச் சுற்றுவட்டக் கிராமங்களில் விடியுமுன் ஆலைப் பேருந்து வந்து நிற்கும். தாய்மார் தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிவிடுவார்கள். சட்டத்தின் பள்ளங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாய் அடுக்குவது அவர்கள் வேலை. எத்தனை சட்டம் நிரப்பினார்களோ அத்தனைக்கே கூலி. வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டும் பாட்டிகளும் சிறுமிகளும் கிழக்கு லண்டன் அறைகளை அப்படியே நினைவூட்டினார்கள். 1986ஆம் ஆண்டில் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. மேத்தா என்ற வழக்கறிஞர் சிவகாசிக் குழந்தைகளுக்காகத் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாயை நல நிதியில் செலுத்த வேண்டும் என்றது. சட்டமும், பள்ளிச் சோறும், இயந்திரமும், பல இயக்கங்களின் ஓயாத உழைப்பும் சேர்ந்து நிலைமையைப் பெரிதும் மாற்றின. 1863ஆம் ஆண்டு லண்டனிலிருந்து 1996ஆம் ஆண்டு டெல்லிக்கு இந்தச் செய்தி வந்து சேர 133 ஆண்டுகள் ஆயின.

‘காப்புக் குச்சி’ என்ற பெயரைச் சொல்லும்போது எனக்கு இன்னொரு நினைவும் வராமல் போவதில்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கி, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983ஆம் ஆண்டு ஜூலையில் தென்னிலங்கையில் தமிழரின் கடைகள் எரிந்தன; தீவுப்பகுதியிலிருந்து சென்று அங்கே கடை நடத்தியவர்கள் எத்தனையோ பேர் கப்பலேறி வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். பாஷின் பெட்டி தானாகப் பற்றாது என்பது மெய். மனிதர் உரசினால் பற்றும்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் மீண்டும் போர் மூண்டது. குடாநாட்டில் மின்சாரம் அற்றது. பொருளாதாரத் தடை வந்தது. பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் பல மடங்கு விலை. தீவுகள் படையினர் வசமாகவே, சரவணை மக்களிற் பெரும்பாலோர் மூட்டை முடிச்சுகளோடு யாழ்ப்பாணப் பக்கம் பெயர்ந்தார்கள். நாங்களும் பெயர்ந்தோம். அந்தக் காலத்தில் குடாநாடு முழுவதும் ஓர் ஆய்வுகூடமாக மாறியது என்றால் மிகையன்று. சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். சில துளி பெற்றோல் காட்டி இயக்கி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஜாம் போத்தல் விளக்கு. வெறும் ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு; அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய்; கம்பியில் தாங்கிய ஒரு சின்னத் திரி. போத்தலே காற்றைத் தடுக்கும் சிம்னியும் ஆயிற்று. அரிக்கன் லாம்பு ஓர் இரவில் குடிக்கும் எண்ணெயில் இது பல இரவுகள் எரியும். ஒரு புத்தகத்தின் ஒரு பக்கத்தை வாசிக்க அந்த ஒளி போதும். மறுபக்கத்துக்குப் போத்தலை நகர்த்த வேண்டும். க.பொ.த. பரீட்சைக்கு அந்த ஒளியில் படித்து, மருத்துவராகவும் பொறியியலாளராகவும் ஆனவர்கள் இன்று உலகின் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஆச்சியின் பழைய முறையும் திரும்பியது. ஒரு வீட்டில் ஒரு குச்சி உரசினால், அந்த விளக்கிலிருந்து அடுத்த வீட்டு விளக்கு, அதிலிருந்து அதற்கடுத்தது.

ஆண்டுகள் பல கழிந்து சரவணைக்குத் திரும்பியபோது ஆச்சி வீட்டின் அடுப்படியில் கூரை இல்லை. வளை இல்லை. குட்டான் எங்கே இருக்கப் போகிறது? மண் அடுப்பின் மூன்று மேடுகள் மட்டும் புல்லுக்குள் தெரிந்தன. இப்போது ஊரில் மின்சாரம் உண்டு. எரிவாயு அடுப்பும் உண்டு. 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிவாயு தட்டுப்பட்டபோது, விறகும் நெருப்புப் பெட்டியும் சில மாதங்கள் மறுபடி அரசாண்டன.

ஓய்வு பெறுவதற்குச் சற்று முன், ஒரு வகுப்பில் வோக்கரில் தொடங்கி சாரா சப்மன் வரை இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். முடிவில், “சரி, ஜாம் போத்தல் விளக்கைக் கண்டுபிடித்தவர் யார்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மௌனம். முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள்.

“எங்கட அம்மம்மாதான் சேர் முதல் செய்தவ.”

பின்வாங்கிலிருந்து ஒருவன் துள்ளி எழுந்தான். “இல்லை சேர், எங்கட அம்மம்மா!”

அதன்பின் வகுப்பை அடக்க எனக்கு நெடுநேரம் பிடித்தது.